வாசற்கொடியும் துப்பறியும் தொடர்களும்

கதை ஒன்றைப் பாராட்ட விழைவோர் இந்நாளில் முதலில் சொல்லும் சொல், "அப்படியே உண்மைபோல் இருக்கிறது" என்பதாகும். தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடர்களுக்கு இப்புகழ்மொழி தாராளமாகவே வழங்கப்படுகிறது. காவல் நிலையத்து மேசை உண்மையாக இருக்கிறது. அதிகாரியின் பேச்சு உண்மையாக இருக்கிறது. பிணப் பரிசோதனை அறையின் வெளிச்சம்கூட உண்மையாக இருக்கிறது. இத்தனையும் உண்மையாக இருக்கையில் கதை மட்டும் பொய்யாக இருக்க முடியுமா என்று நாமும் எண்ணிவிடுகிறோம். முடியும் என்பதே இக்கட்டுரையின் முடிபு. அதனை நிறுவ, இத்தொடர்கள் செழித்து வளர்ந்த அமெரிக்க நாட்டையும், அந்நாட்டு மக்கள் தம் வீட்டு வாசலில் ஏற்றும் கொடியையும் ஒருசேர நோக்க வேண்டும்.

கொடிக்கும் துப்பறியும் கதைக்கும் என்ன உறவு என்று வாசகர் வியக்கலாம். உறவு உண்டு. கொடி ஓர் அடையாளம். "இவ்வீட்டார் இந்நாட்டுக்கு உரியவர்; இவர்களை நம்பலாம்" என்று அது தெருவுக்குச் சொல்கிறது. துப்பறியும் தொடரில் வரும் நுணுக்கமான விவரங்களும் அத்தகைய அடையாளமே. "இக்கதை வாழ்க்கைக்கு உரியது, இதனை நம்பலாம்" என்று அவை பார்ப்பவருக்குச் சொல்கின்றன. அடையாளத்தைக் கண்ட அளவிலேயே நம்பிவிடலாமா? யாருடைய அடையாளம் ஏற்கப்படுகிறது, யாருடையது ஐயத்தோடு பார்க்கப்படுகிறது? இவ்விரு வினாக்களுமே நமக்கு வேண்டியவை.

இவ்வகைத் தொடர்களின் மூதாதை 'டிராக்நெட்'. 1949இல் வானொலியில் தொடங்கி 1951இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதனைப் படைத்த ஜாக் வெப் என்பாரே சார்ஜண்ட் ஜோ ஃபிரைடே எனும் துப்பறிவாளராகவும் நடித்தார். சொல்லப்போவது உண்மைக் கதை என்றும், குற்றமற்றோரைக் காக்கும்பொருட்டுப் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்றும் அறிவித்துவிட்டே கதை தொடங்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் வழக்குகளே கதைகளுக்கு மூலம். மாயாஜாலம் புரியும் துப்பறிவாளரை ஒதுக்கிவிட்டு, கதவைத் தட்டுவதும் கேள்வி கேட்பதும் குறிப்பெழுதுவதுமான அன்றாட உழைப்பை அத்தொடர் காட்டிற்று. இச்சிறப்பை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் அவ்வழக்குக் கட்டுகள் யாருடையவை? காவல்துறையினுடையவை. கதைகளைப் படித்துப் பார்த்து இசைவளித்தவர் யார்? அத்துறையினரே. தன் கட்டைத் தானே திறந்து காட்டும் துறை, தான் தவறிய வழக்கை முன்வந்து தருமா? 1965இல் அதே நகரின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். காவல்துறைமீது கறுப்பின மக்கள் கொண்டிருந்த நெடுநாள் மனக்குறை அன்று தீயாய் எரிந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1967இல், 'டிராக்நெட்' மீண்டும் திரைக்கு வந்தது. அப்போதும் நகரம் காவலருடைய காரின் கண்ணாடி வழியாகவே காட்டப்பட்டது.

1982 டிசம்பரில் ஜாக் வெப் காலமானார். ஜோ ஃபிரைடே அணிந்த 714ஆம் எண் வில்லை இனி எவருக்கும் வழங்கப்படாது என்று நகரக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். மேயர் டாம் பிராட்லி ஒரு நாள் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடப் பணித்தார். கற்பனைப் பாத்திரம் ஒன்றின் எண், மெய்யான துறையில் ஓய்வு பெற்றது! கலைஞன் ஒருவனுக்குக் கிடைத்த பெரும் மரியாதைதான் இது. எனினும் கதைக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய சுவர் எவ்வளவு மெலிந்து போயிருந்தது என்பதையும் அக்கொடிகள் காட்டிவிட்டன.

அடுத்த தலைமுறையில் நம்பிக்கையின் அடையாளம் மாறிற்று. காவலரின் வில்லை இருந்த இடத்தில் ஆய்வுக்கூடத்தின் கருவி வந்து அமர்ந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' தொடரில், விரல்ரேகையைக் கணினியில் இட்டால் சற்று நேரத்தில் குற்றவாளியின் முகம் திரையில் தோன்றும். மனிதன் பொய் சொல்லலாம், தடயம் பொய் சொல்லாது என்பதே அத்தொடர் ஊட்டிய நம்பிக்கை. தடயம் பொய் சொல்லாதிருக்கலாம். அதைப் படிக்கும் கண் தவறலாம் அன்றோ?

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்துக் கருவிகள் இருந்த பை ஒன்றில் கிடைத்த விரல்ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த வழக்கறிஞர் ஒருவருடையதே என எஃப்.பி.ஐ. வல்லுநர் மூவர் உறுதி கூறினர். அவர் ஒரு முஸ்லிம். வீட்டினர் இல்லாத வேளையில் அவர் இல்லம் இரகசியமாகச் சோதனையிடப்பட்டது. அந்த ரேகை ஒத்துவரவில்லை என ஸ்பெயின் காவல்துறை ஏப்ரல் மாதத்திலேயே தெரிவித்திருந்தும், மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டு இரண்டு வாரம் சிறையில் வைக்கப்பட்டார். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்து சொன்ன பின்னரே விடுதலை கிட்டிற்று. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு 20 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது.

இவ்வழக்கை ஆராய்ந்த நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை கூறுவது ஊன்றி நோக்கத்தக்கது. தொடக்கத்தில் நேர்ந்த பிழைக்கு அவருடைய சமயம் காரணமன்று. ஆனால் ஐயம் எழுந்த பிறகும் வல்லுநர்கள் தம் முடிவைச் சரிவர மறுபரிசீலனை செய்யாமைக்கு, அவர் முஸ்லிம் என்பதும் வேறு சில செய்திகளும் துணைபுரிந்திருக்கக்கூடும் என்கிறது அவ்வறிக்கை. கருவி தந்ததோ ஒத்த சாயலுடைய சில ரேகைகளின் பட்டியல் மட்டும். அதிலிருந்து ஒரு குற்றவாளியைப் படைத்தது மனித மனம். தொலைக்காட்சித் திரையில் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒளிரும் காட்சியில் இம்மனத்துக்கு இடமே இல்லை.

2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை இதனைப் பொதுவிதியாகவே கூறிற்று. உயிரணுவிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. ஆய்வைத் தவிர, தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு உறுதியாக இணைக்கவல்ல முறை எதுவும் அதற்குரிய கடுஞ்சோதனையில் நிறுவப்படவில்லை என்பது அதன் சாரம். 'சி.எஸ்.ஐ.' தொடரில் கருவிகளின் உருவம் மெய்யாக இருந்திருக்கலாம். அவற்றின்மீது ஏற்றப்பட்ட உறுதி மெய்யாக இல்லை.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். அமெரிக்கர் தம் இல்லத்தில் நாட்டுக் கொடியை ஏற்றுவது நெடுநாள் வழக்கம். 1942இல் இயற்றப்பட்ட கொடி நெறிமுறை, கதிரவன் எழுவது முதல் மறைவது வரை அதைப் பறக்கவிடுவதே மரபு என்றது. இரவில் பறப்பதாயின் விளக்கொளி வேண்டும் என்பது பின்னாளில் அதில் சேர்க்கப்பட்டது. மறுபுறம், கொடி வணக்கத்துக்குப் பள்ளி மாணவரைக் கட்டாயப்படுத்தலாகாது என 1943இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்போர் சங்கங்கள் இல்லக் கொடியைத் தடுக்கலாகாது என 2006இல் ஒரு சட்டம் வந்தது. ஏற்றவும் உரிமை உண்டு, ஏற்றாதிருக்கவும் உரிமை உண்டு. சட்டத்தின் நிலை இவ்வளவு தெளிவானது.

ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, சட்டம் கட்டாயப்படுத்தாததை அச்சம் கட்டாயப்படுத்திற்று. துக்கத்தாலும் நாட்டுப்பற்றாலும் கோடிக்கணக்கானோர் கொடி ஏற்றினர். முஸ்லிம்களும் அரபியரும் சீக்கியரும் அதே துக்கத்தோடு ஏற்றினர். அத்துடன் தம் வீட்டின்மீது கல் விழாதிருக்கவும் ஏற்றினர். எஃப்.பி.ஐ. கணக்கின்படி, முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்ற நிகழ்ச்சிகள் 2000இல் 28, 2001இல் 481. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் சீக்கியர் ஒருவர், தாக்குதல் நடந்த நான்காம் நாள், தம் கடை முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார். அண்டை வீட்டில் பறந்த கொடி அன்பின் வெளிப்பாடு. இவர்கள் வீட்டில் பறந்த அதே கொடி, நிரபராதி என்பதற்கான சான்றிதழ். துணி ஒன்றே, பொருள் இரண்டாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய தொடர் '24'. பயங்கரவாதத்தைத் தடுக்கும் அதிகாரி ஒருவரின் ஒரு நாளை, மணிக்கு ஒரு பகுதியாகக் காட்டுவது அதன் உத்தி. திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு அந்நிகழ்ச்சி கண்முன் நடப்பதாகவே தோன்றும். இக்கடிகாரமே அதன் உண்மைக் கொடி எனலாம். 2005இல் வந்த நான்காம் பருவத்தில், புறநகர் ஒன்றில் அமைதியாக வாழும் முஸ்லிம் குடும்பம் காட்டப்படுகிறது. தாய், தந்தை, பள்ளி வயது மகன். காலை உணவு மேசையில் அமர்ந்திருக்கும் அக்குடும்பமே சதிக் கூட்டத்தின் ஓர் அங்கம்! மகனைக் காப்பதற்காகத் தாய் பின்னர் அதிகாரிகளின் பக்கம் சேர்கிறாள். அத்தாய்மையைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால் ஊறு முன்னரே நேர்ந்துவிட்டது. அண்டை வீட்டார் தரும் வணக்கமும் புன்னகையும் வேடமாக இருக்கலாம் என்ற எண்ணம் விதைக்கப்பட்டுவிட்டது. அவ்வெண்ணம் வேரூன்றிய தெருவில் கொடியும் வேடமாகவே தெரியும். அடையாளம் காட்டாவிட்டால் ஐயம். காட்டினாலோ இன்னும் பெரிய ஐயம். இத்தகைய தெருவில் ஒரு குடும்பம் எவ்வாறு தன்னை மெய்ப்பிக்கும்?

முஸ்லிம் அமைப்பினர் குறை கூறியதன்பேரில், கதாநாயகராக நடித்த கீஃபர் சதர்லேண்டே திரையில் தோன்றி, அமெரிக்க முஸ்லிம்கள் பயங்கரவாதத்தைக் கண்டித்துத் தம் நாட்டவரோடு நிற்பவர்கள் என்று சொன்னார். நல்ல செயல்தான். ஆனால் கதைக்குள் இடம்பெறாத நியாயம், கதைக்கு வெளியே ஓர் அறிவிப்பாக ஒட்டவைக்கப்பட்டது. ஒட்டவைத்தது எத்தனை நாள் நிற்கும்?

2007இல் ஜேன் மேயர் 'நியூ யார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரை இரு செய்திகளைத் தருகிறது. இத்தொடரைப் படைத்தோருள் ஒருவரான ஜோயல் சர்னோவின் அலுவலகச் சுவரில், கண்ணாடிப் பேழைக்குள் ஓர் அமெரிக்கக் கொடி இருந்தது. பாக்தாத் நகரின்மேல் பறந்த கொடி அது. தொடரை விரும்பிப் பார்த்த படைவீரர்கள் அன்பளிப்பாகத் தந்தது. மற்றொன்று, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் கல்வித் தலைவரான பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், 2006 நவம்பரில் இத்தொடரின் படைப்பாளரை நேரில் கண்டு, சித்திரவதைக் காட்சிகளைக் குறைக்குமாறு வேண்டினார். சித்திரவதை எப்போதும் பயன் தரும் என்பதாகவே தொடர் காட்டுகிறது. தம் மாணவர் அதனை நம்புகின்றனர் என்பது அவர் கவலை. கொடியை உடுத்த ஒரு தொழிலின் உண்மை அறிந்தவர், அத்தொழிலைப் பற்றிய கதையின் பொய்யைச் சுட்டிக் காட்டினார். இதைவிடத் தக்க திறனாய்வாளர் யார்?

அவ்வாறாயின் மெய்யான துப்பறியும் தொடரே இல்லையா? உண்டு. 2002 முதல் 2008 வரை வந்த 'தி வயர்' அதற்குச் சான்று. அதனைப் படைத்த டேவிட் சைமன், பால்டிமோர் நகரச் செய்தித்தாளில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். துணைநின்ற எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளைத் துப்பறிந்தவர்; பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். முதற்பருவம் போதைப்பொருள் விற்போரையும் அவர்களைத் தேடும் காவலரையும் அருகருகே வைக்கிறது. இரு தரப்பாரும் தத்தம் மேலிடத்துக்கு அஞ்சியே வாழ்கின்றனர். அடுத்த பருவங்களில் துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், செய்தித்தாள் எனக் கதை விரிகிறது. மேயரை மகிழ்விக்கக் குற்றக் கணக்குகள் குறைத்துக் காட்டப்படுகின்றன. சிறுவன் ஒருவனை அடித்து ஒரு கண்ணின் பார்வையைப் பறித்த காவலர், பின்னாளில் அத்தகைய சிறுவர்களுக்கே ஆசிரியராகிறார். காவலர் தவறுவதும், அத்தவறு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் முழுதும் நீள்வதும் இங்கே கதைக்குள் இடம்பெறுகின்றன.

இத்தொடரும் குறையற்றதன்று. இறுதிப் பருவத்தில் துப்பறிவாளர் ஒருவர் இல்லாத கொலைகாரனை இட்டுக்கட்டித் துறையையே ஏமாற்றுவது நம்பத்தக்கதாய் இல்லை. இருப்பினும் அதன் நேர்மை குன்றவில்லை. காரணம், சந்தேகிக்கப்படுபவனின் வீட்டுக்குள்ளும் அதன் கதை நுழைகிறது. அவனுக்கும் தாய் உண்டு, பசி உண்டு, பள்ளி உண்டு என்பதைக் காண்கிறது.

"பொழுதுபோக்குக்காக எடுக்கும் கதையில் இத்தனை நியாயம் தேடலாமா?" என்று கேட்போர் உளர். கற்பனை என்று சொல்லிக்கொண்டு வரும் கதையிடம் நாமும் இத்தனை கேட்கமாட்டோம். உண்மை என்னும் கொடியை வாசலில் ஏற்றிக்கொண்டு வரும் கதையிடம் கேட்பது கடமை. தம் கொடிக்கு விளக்கம் சொல்லும் பாரம் எளிய குடும்பங்கள்மீது சுமத்தப்படும்போது, கதை வணிகர்மட்டும் விளக்கமின்றித் தம் கொடியைப் பறக்கவிடுவது எவ்வகையில் நீதி?

இத்தொடர்கள் இன்று கடல் கடந்து வந்துவிட்டன. '24' தொடர் 2013இல் அனில் கபூர் நடிப்பில் இந்தியிலும் எடுக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் இவை யாவும் கிடைக்கின்றன. பார்க்காதே என்று தடுப்பதால் பயனில்லை. பார்த்து முடித்தபின் அவர்களோடு அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்போம். இக்கதை யாருடைய கண்வழியே சொல்லப்படுகிறது? துப்பறிபவர் தவறக்கூடும் என்பதற்குக் கதையில் இடம் உண்டா? சந்தேகிக்கப்பட்டவரின் வீட்டுக்குள் கதவை உடைக்காமல் கதை ஒருமுறையேனும் நுழைந்ததா? இம்மூன்றுக்கும் விடை தேடப் பழகிய பிள்ளை, திரையில் வரும் கதையை மட்டுமன்று, நாளைத் தன் அண்டை வீட்டாரையும் நேர்மையோடு பார்க்கும்.