அறிவியல் கட்டுரைகளில் மேற்கோள் நெறி: லாங் ஐலண்டும் அந்தமான் ஆய்வுகளும்

முன்னுரை

அறிவியல் இதழ்களுக்கு அனுப்பப்பெறும் கட்டுரைப்படிகளில் துணைநூற்பட்டியல் இறுதியில் இடம்பெறுகின்றது. எழுதுவோர் பலரும் அதனை இறுதியிலேயே, விரைந்து, இதழ் விதித்த வடிவத்துக்குள் அடக்கிவிடுகின்றனர். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்னும் அளவில் மேற்கோள் நெறி முடிந்துபோவதில்லை. யார் கூறினார், எப்போது கூறினார், எவ்விடத்தைப் பற்றிக் கூறினார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தருவதே அதன் பணியாகும். இன்று வழங்கும் வடிவங்கள் இப்பணியை எவ்வளவு நிறைவேற்றுகின்றன என்பதனை, அந்தமான் தீவுகள் பற்றிய ஆய்வுகளையும் தமிழர் பெயர்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆண்டும் எண்ணும்

மேற்கோள் வடிவங்களை இருபெரும் வகையாகப் பகுக்கலாம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டுரையின் உள்ளேயே தருவது ஒன்று. ஹார்வர்டு விலங்கியலறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. வரிசையெண் மட்டும் இட்டுச் செல்வது மற்றொன்று. மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்த நெறி இவ்வகையைச் சார்ந்தது.

எண்முறை இடத்தைச் சுருக்குவதும் படிப்போட்டத்தைத் தடுக்காதிருப்பதும் உண்மையே. ஆயினும் நிலமும் கடலும் மாறிய ஒரு பகுதியைப் பற்றிய ஆய்வில் ஆண்டினை மறைப்பது பொருளையே மறைப்பதாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தால் வடக்கு அந்தமானில் கரை உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. நிக்கோபாரில் நிலம் தாழ்ந்து கடல் உட்புகுந்தது. இதற்கு முன் எழுதப்பெற்ற கடற்கரைக் குறிப்பும் பின் எழுதப்பெற்றதும் ஒரே தன்மையன அல்ல. '12', '13' என்னும் எண்கள் இவ்வேறுபாட்டைக் காட்டா. '1998', '2009' என்னும் ஆண்டுகள் காட்டிவிடும்.

வெளியீட்டு ஆண்டும் எப்போதும் போதுவதன்று. அந்தமான் பழங்குடியினரைப் பற்றிய ராட்கிளிஃப்-பிரவுனின் நூல் 1922இல் வெளிவந்தது. அதற்கான கள ஆய்வு 1906க்கும் 1908க்கும் இடையில் நிகழ்ந்தது. '1922' என்று மட்டும் காணும் படிப்பாளர் அந்நூல் காட்டும் வாழ்க்கையை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு பிந்தியதாகக் கொள்ள நேரும். கள ஆண்டினைக் கட்டுரையின் உள்ளே சுட்டுவதே இதற்குத் தீர்வாகும்.

பெயர்

அந்நூலின் முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் ஏ.ஆர். பிரவுன் என்றே அச்சாகியுள்ளது. ராட்கிளிஃப்-பிரவுன் என்னும் பெயரை அவர் பின்னரே மேற்கொண்டார். எனவே சில பட்டியல்களில் 'பி' வரிசையிலும், வேறு சிலவற்றில் 'ரா' வரிசையிலும் அந்நூல் இடம்பெறக் காணலாம். முதல் நூலின் பெயரை உள்ளவாறே தந்து, பிற்காலப் பெயரைப் பகர அடைப்பினுள் காட்டுதல் இருவகைப் படிப்பாளர்க்கும் உதவும்.

ஆங்கிலப் பெயருக்கே இத்தகைய இடர் உண்டெனில், குடும்பப்பெயர் என்பதே இல்லாத தமிழ்ப் பெயர்களின் நிலை எளிதில் உணரத்தக்கது. அனைத்துலக வடிவங்கள் பலவும் 'குடும்பப்பெயர், முன்னெழுத்து' என்னும் அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. தமிழில் முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும்; பின்வருவதே ஒருவரின் சொந்தப் பெயராகும்.

சர் சி.வி. இராமனின் 'சி' அவர்தம் தந்தையார் சந்திரசேகரரைக் குறிக்கும். 'வேங்கடராமன்' என்னும் ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து 'வி', 'ராமன்' என நின்றது. இராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயர். அவருடைய மகனே பாட்டனார் பெயர் தாங்கிய வானியற்பியலறிஞர் எஸ். சந்திரசேகர். இவர் பெயரைச் 'சந்திரசேகர் சுப்பிரமணியன்' என மாற்றி எழுதி, இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் கணினி நிரலில் இட்டால், பட்டியலில் 'சுப்பிரமணியன், சி.' என்று வரும். மகனின் கட்டுரை தந்தையின் பெயரில் நின்றுவிடும். தந்தையாரும் கருநாடக இசை பற்றி நூல் எழுதியவர், அந்நூல் சி.எஸ். ஐயர் என்னும் பெயரில் உள்ளது. ஆகவே இது கற்பனை இடரன்று. ஒரே குடும்பத்து மூவர் 'இராமன்', 'சந்திரசேகர்', 'ஐயர்' என மூன்று வரிசைகளில் அமைவதைக் குடும்பப்பெயர்க் கோட்பாட்டால் விளக்க இயலாது.

இவ்விடத்துத் தமிழ் அடைவு மரபு தெளிவானது. 'மீனாட்சிசுந்தரன், தெ.பொ.', 'சாமிநாதையர், உ.வே.' எனச் சொந்தப் பெயரை முன்னும் முன்னெழுத்தைப் பின்னும் தருவதே அது. சாதிப்பட்டத்தைத் தனியே பிரித்து 'ஐயர், உ.வே.சா.' என்பது பொருந்தாது. ஆங்கில இதழுக்கு எழுதும் தமிழர் தம் பெயரை ஒரே வடிவில் என்றும் எழுதுதலும், 2012இல் தொடங்கிய ஆர்சிட் ஆய்வாளர் எண்ணைப் பெறுதலும் நன்று. எண் பெயரைத் திருத்தாது. ஆயினும் ஒருவரின் ஆக்கங்கள் சிதறாமல் காக்கும்.

அடைப்புக்குறியும் பொருளுடையதே. அந்தமான் வாத்தினை அனாஸ் அல்போகுலாரிஸ் (ஹியூம், 1873) என எழுதுகின்றனர். ஹியூம் அதனை முதலில் வேறு பேரினத்தில் வைத்தார் என்பதே அவ்வடைப்பின் பொருள். அதனை நீக்கும் பதிப்பாசிரியர் ஒரு செய்தியையே நீக்குகின்றார்.

இடம்

நடு அந்தமானில், ரங்கத்துக்கு அருகே, படகில் சென்றடையத்தக்கது லாங் ஐலண்ட். இதே பெயருடைய தீவுகள் பகாமாவிலும் பாப்புவா நியூகினியிலும் உள்ளன. யாவரினும் புகழ்பெற்றது நியூயார்க்கின் லாங் ஐலண்ட். அங்குள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் பழைய வெளியீடுகள் அப்பெயரையே வெளியீட்டிடத்தில் தாங்கியுள்ளன. ஆகவே அந்தமான் தீவைப் பற்றிய கட்டுரையில் 'லாங் ஐலண்ட்' என்று மட்டும் எழுதுவது போதாது. மாவட்டத்தையும் தீவுக்கூட்டத்தையும் உடன் தருதல் வேண்டும்.

அண்டைத் தீவுகளின் நிலை இதனினும் சிக்கலானது. ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகள் 2018இல் சுவராஜ் தீவு, ஷாகித் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றன. போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீவிஜயபுரம் என மாற்றும் அறிவிப்பு 2024இல் வெளியாயிற்று. பழைய நூல்களின் வெளியீட்டிடத்தைப் புதுப்பெயரால் திருத்திவிடுவது பிழை. முகப்பில் உள்ளதையே தந்து, புதுப்பெயரைப் பகர அடைப்பில் சேர்த்தலே முறை.

வாய்மொழிச் சான்று

மேற்கூறிய குறைகள் திருத்தத்தக்கவை. பட்டியலில் இடமே பெறாதோரைப் பற்றியது அடுத்த குறை. அமெரிக்க உளவியற் கழக நெறியின்படி நேருரையாகப் பெற்ற செய்தி கட்டுரையின் உள்ளே மட்டும் சுட்டப்பெறும், துணைநூற்பட்டியலில் வாராது. 2019இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, பழங்குடி அறிவுடையோரின் முழுப்பெயரையும் இனத்தையும் தருமாறு கூறினும், பதிவு செய்யப்பெறாத வாய்மொழியைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

போ மொழியை இறுதியாகப் பேசியவரான போவா சீனியர் 2010 சனவரி 26ஆம் நாள் மறைந்தார். பெரிய அந்தமான் மொழிகளைப் பற்றிய அன்விதா அப்பியின் ஆய்வுகளுக்குச் சொல் வழங்கியோருள் அவரும் ஒருவர். படிப்பாளர் அகரவரிசையில் அப்பியைக் கண்டடைவார். அச்சொற்களை நினைவில் காத்தவரை அவ்வரிசையில் காணார். மீண்டும் கேட்டு உறுதிசெய்ய இயலாதது என்பதே விலக்குக்குக் கூறப்படும் காரணம். மறைந்த மொழிக்கோ அக்காரணமே சான்றின் அருமையைக் கூட்டுகின்றது. உரியவர் இசைவுடன், பெயர், இனம், இடம், நாள், ஒலிப்பதிவு இருக்குமிடம் ஆகியவற்றைத் தனிப்பகுதியாகத் தருதல் இயலாததன்று.

முடிவுரை

இதழ் விதிக்கும் வடிவத்தைப் பின்பற்றுதல் கட்டுரையாளர் கடமை. அவ்வடிவம் ஓரிடத்து வழக்கிலிருந்து பிறந்தது என்பதனை மறவாதிருத்தலும் கடமையே. தந்தை பெயரில் மகனையும், நியூயார்க் தீவின் பெயரில் அந்தமான் தீவையும் தேடும் நிலை நேராமல், சொன்னவர் பெயர் சொல்லோடு நிற்குமாறு அமைக்கும் பட்டியலே நல்ல பட்டியல் எனலாம்.