‘எஸ்டேட்’ என்னும் ஒரு சொல்

ஆங்கிலச் சொல்லொன்று பல பொருள் தாங்கி நிற்குமிடத்து மொழிபெயர்ப்பாளன் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என இடர்ப்படுகின்றான். கண்டியில் வாழ்வோர்க்கு ‘எஸ்டேட்’ என்பதே இதற்குத் தக்க சான்று. ‘நிலை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த அது, உடைமை, இறந்தோன் விட்ட சொத்து, சமுதாய வகுப்பு, பெருந்தோட்டம் எனக் கிளைத்தது. 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வரலாற்றில் வரும் மூன்றாம் வகுப்பினரை ‘மூன்றாந் தோட்டம்’ என எழுதும் மாணவனை நகையாடுதல் தகாது. அவன் கண்டறிந்த பொருள் அஃதொன்றே.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிடுமுன்னரே, கோப்பிக் காலத்தில், தமிழ்த் தொழிலாளர் மலையேறிவிட்டனர். துரைமார் ‘எஸ்டேட்’ என்றதை அவர்கள் தோட்டம் என வழங்கினர். இம்மொழிபெயர்ப்பு அகராதி நோக்கிற் குறையுடையது. உடைமைப் பொருள் அதில் இல்லை. மண்ணும் செடியும் உழைப்புமே உள. ஆயின், உறுதிப்பத்திரம் ஒருவர்க்கும் உழைப்பு மற்றொருவர்க்குமாய் இருந்தவிடத்து அக்குறையே உண்மையன்றோ? அரசைக் குறிக்கும் ‘ஸ்டேட்’ என்பதும் அதே வேரினது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் அதனையும் இழந்தனர்.

சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கில நெடும்பாட்டுக்குப் பெயரிடுகையில் ‘எஸ்டேட்’டை விடுத்து, ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்’ எனப் பொருள்படும் தொடரைக் கொண்டார். அசாமிய ஆங்கிலத்தில் அது பெருவழக்கே என்பாருளர். எனினும், இலங்கை அலுவலக வழக்கு ‘எஸ்டேட்’ என்பதேயாதலின், தொழிலாளியின் சொல்லையே அவர் ஆங்கிலத்துக்குப் பெயர்த்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன், அச்சொல்லை வழங்கியோர் எந்நிலையில் நின்றனர் என்பதை நோக்குவாராக.