இரவின் நெகடிவ்

நண்பர் ஒருவர் இரவில் எடுத்த சென்னைப் புகைப்படங்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். மவுண்ட் ரோடு விளக்குகள், எல்.ஐ.சி. கட்டிடத்தடியில் கார்கள் இழுத்துச் சென்ற சிவப்புக் கோடுகள் - இவற்றை 'இரவின் கவிதை' என்று சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மதிப்புரையில் 'கவிதை' என்ற சொல் வரும் இடத்தில், எழுதியவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான் என்று கொள்ளலாம்.

காரணம், காவலூர். வைணு பாப்பு இருட்டைத் தேடி 1960களின் இறுதியில் ஜவ்வாது மலையில் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய ஊர். 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, இரவு வானைப் படம்பிடித்த கண்ணாடித் தட்டு ஒன்றில்தான் தன் பெயரைத் தாங்கும் வால்நட்சத்திரத்தை அவர் கண்டார். இன்று காவலூரில் மின்னணுக் கருவிகள். ஆனால் தட்டுக் காலத்துப் பழக்கம் ஒன்று என்னைத் தொந்தரவு செய்கிறது. அவர்கள் பிரிண்ட் போட்டுப் பார்ப்பதில்லை, நெகடிவையே படித்தார்கள். வானம் வெளிறிய கண்ணாடி, நட்சத்திரம் கறுப்புப் புள்ளி. மங்கலான ஒன்று வெளுப்பின் மேல் கறுப்பாக இருந்தால் கண்ணில் சிக்கும். இருட்டுக்குள் மங்கலாக இருந்தால் நழுவிவிடும். 1988 பிப்ரவரியில் அங்கே 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் அகப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிய ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

நகரத்து இரவில் நடப்பது நேர் எதிர். நகர்வது அழிந்துபோகிறது. பிராஸாய் 1930களில் பாரிஸ் தெருக்களில் ஷட்டரைத் திறந்துவைத்து, சிகரெட் எரியும் நேரத்தைக் கொண்டு எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். அத்தனை நேரத்தில் நடந்து போகிறவன் பிலிமில் தங்கமாட்டான். கார் போய்விடும், அதன் விளக்கு மட்டும் கோடாக நிற்கும். அசையாதவையே மிஞ்சும்: கட்டிடம், கம்பம், பூட்டிய கடை.

காவலூரிலிருந்து திரும்பியதும் நண்பரின் நெகடிவ்களைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். (பாங்க்கில் நாள் முழுக்கக் கையெழுத்து ஒப்பிடுகிறவனுக்கு இது புது வேலையல்ல.) மவுண்ட் ரோடு படத்தில் விளக்குகள் வெறும் கறுப்புக் கறைகள். பிரிண்டில் கரியாகக் கிடந்த இடது மூலை இதில் தெளிந்த பிலிம். அதில் மெலிதாகச் சாம்பல் பூத்தாற்போல் மூன்று உருவங்கள். பிளாட்பாரத்தில், சுவரோரம், தலைவரை போர்த்திப் படுத்திருக்கிறார்கள். போவோர் வருவோரையெல்லாம் அழித்துவிட்ட அந்த எக்ஸ்போஷரில், தூங்கியதால் தங்கிவிட்டவர்கள். இந்தப் படத்துக்குத்தான் நான் ஒரு பத்தி எழுதினேன். அதில் 'ஆளற்ற நகரம்' என்று ஒரு தொடர் இருக்கிறது.

நண்பரிடம் சொன்னேன். அவருக்கும் தெரியாதாம். சுவர்ப் பக்கம் துலங்கும்படி பிரிண்ட் போட்டால் விளக்குகள் வெளுத்துப் போய்விடும், கோடுகள் கெட்டுவிடும் என்கிறார். கெடட்டும் என்றேன். இன்னும் சம்மதிக்கவில்லை.