எட்டு பொம்மைகள் எதிரே

மேடை ஏறினால் உங்களுக்குக் கை கால் உதறுமா? எனக்கு உதறும். பி.காம். இரண்டாம் வருஷம் நன்றியுரை சொல்லப் போய், சிறப்பு விருந்தினர் பெயரே மறந்துபோய், 'வந்தவருக்கு நன்றி' என்று இறங்கியவன் நான். ஆகவே, தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டினால் எதிரே கூட்டம் தெரியும், பேசிப் பேசியே பயம் தெளியும் என்று விர்ச்சுவல் ரியாலிட்டிக்காரர்கள் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன்.

ரொம்பப் புதுசும் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டர் குழு இதைச் சோதித்து 2002-லேயே கட்டுரை வெளியிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒரு செமினார் ரூம். அதில் எட்டு ஆண் பொம்மைகள். 40 பேரைக் கூப்பிட்டு, ஐந்து நிமிஷம் பேசுங்கள் என்றார்கள். பாதிப் பேருக்கு ஹெட்செட், மீதிப் பேருக்குச் சாதாரண மானிட்டர். பொம்மைக் கூட்டம் மூன்று ரகம்: ரசிக்கிற கூட்டம், முறைத்து அலுத்துக்கொள்கிற கூட்டம், பிடித்துவைத்த பிள்ளையாராக அசையாத கூட்டம்.

முறைக்கிற கூட்டத்தின் முன்னால், தைரியசாலி, பயந்தாங்கொள்ளி வித்தியாசமே இல்லாமல் பதற்றம் எகிறியது. பொம்மை என்று தெரியும். தெரிந்தும்! இதற்காகவே அவர்களுக்கு ஒரு சலாம். பயத்தை வரவழைக்க முடிந்தால்தானே பழக்கிக் குறைக்க முடியும்?

எனக்கு இடிப்பது இன்னொரு விஷயம். 'எப்படிப் பேசினீர்கள், நீங்களே மார்க் போடுங்கள்' என்றபோது, தாராளமாகப் போட்டுக்கொண்டது பிள்ளையார்களிடம் பேசியவர்கள்தான். ரசிக்கிற கூட்டம் வாய்த்தவர்கள்கூட அத்தனை போட்டுக்கொள்ளவில்லை. பாத்ரூமில் நாம் எல்லாரும் பாகவதர்தானே!

இன்றைய பயிற்சி மென்பொருள்கள் நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை, எத்தனை 'ம்...', எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்றெல்லாம் ரிப்போர்ட் தருகின்றன. காமர்ஸ்காரனுக்கு ரிப்போர்ட் இனிக்கும். ஆனால் இந்த லெட்ஜரில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது. கேட்டவனுக்குப் புரிந்ததா? அந்தப் பக்கம் காலி. சிலவற்றில் பொம்மைகள் இப்போது கேள்வியும் கேட்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். வாங்குகிறவர்கள் அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். முறைக்கிற கூட்டம் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நன்றியுரை விஷயத்துக்கு வருகிறேன். முதல் வரிசையில் இருந்த எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார், உதட்டை அசைத்து அசைத்து விருந்தினர் பெயரை எடுத்துக் கொடுத்தாராம். நண்பன் பிறகு சொன்னான். நான் பின் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.