சொல்லாமல் போன அம்மா
வசனமே இல்லாத ஒரு படத்தைச் சிரித்தபடியும் கலங்கியபடியும் ரசிப்பது எப்படி?

அபிராமபுரத்திலிருந்து நாரத கான சபாவுக்கு நடந்தே போய்விடலாம். மார்கழிக் கச்சேரிக்குப் போனவர்களும், மற்ற மாதங்களில் நாடகம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்களும் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு உண்டு. பக்கத்து மந்தைவெளியில் வாழ்ந்த கிரேஸி மோகனின் நாடகங்களில் ஒரு ஜோக்கைத் தவறவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் அது என்னவென்று கேட்டால், அதற்குள் இரண்டு ஜோக் போயிருக்கும். இந்த வட்டாரத்துச் சிரிப்பு பெரும்பாலும் காது வழியாக வந்த சிரிப்பு.

அப்படிப் பழகியவர்களுக்கு ஒரு மௌனப் படத்தைப் பரிந்துரைக்க வேண்டும் என்றால், 1925-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் வார்னர் பிரதர்ஸுக்காக இயக்கிய 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' படத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆஸ்கர் வைல்டு எழுதிய நாடகம் அது. லண்டனில் 1892 பிப்ரவரியில் அரங்கேறியபோது, அதன் வசனங்களுக்காகவே ஊர் திரண்டது. லூபிட்ஷ் அதைப் படமாக்கியபோது, அந்தப் புகழ்பெற்ற சாதுரிய வசனங்களில் ஒன்றைக்கூட டைட்டில் கார்டில் போடவில்லை. வசனத்துக்குப் பெயர்போன நாடகத்திலிருந்து வசனத்தை எடுத்துவிட்டும் சிரிப்பை அப்படியே நிறுத்திக்காட்டினார். அதை எப்படிச் செய்தார் என்று கவனிப்பதில்தான் இந்தப் படத்தின் ருசி இருக்கிறது.

தமிழில் இப்படி ஒரு படம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு 1910-களின் இறுதியில் 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாரின் படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. ராஜா சாண்டோ இயக்கிய 'அனாதைப் பெண்' (1931) போன்றவையும் போய்விட்டன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம், பாதுகாக்க ஆளில்லாத காலம், பேசும் படம் வந்ததும் பழையதற்கு மதிப்பில்லாமல் போனது என்று காரணங்கள் பல. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று முழுதாகப் பார்க்கக் கிடைப்பது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 1913-இல் மவுண்ட் ரோட்டில் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. மதராஸில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள்தான் இல்லை. ஆகவே இந்தக் கலையைப் பழக வெளியே போகத்தான் வேண்டும்.

கதையைத் தெரிந்துகொண்டே பாருங்கள்

கணவனை விட்டுவிட்டு இன்னொருவனோடு போய், சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு பெண், மிஸஸ் எர்லின். அவளுடைய மகள் இப்போது லண்டனின் பெரிய வீட்டு மருமகள், லேடி விண்டர்மியர். அம்மா எப்போதோ இறந்துவிட்டாள் என்று நம்பி, அவளைத் தெய்வமாக நினைத்து வாழ்கிறாள். கையில் காசில்லாத எர்லின் மருமகனுக்குக் கடிதம் எழுதி வரவழைத்து உண்மையைச் சொல்கிறாள். மனைவி மனம் உடைந்துவிடக் கூடாதே என்று அவர் செக் எழுதிக் கொடுக்கத் தொடங்குகிறார். கணவர் வேறொரு பெண் வீட்டுக்குப் போய்வருகிறார் என்பது மட்டும் மகளுக்குத் தெரியவருகிறது. அவளை விரும்பும் டார்லிங்டன் பிரபு அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போடுகிறார்.

சஸ்பென்ஸைக் கெடுத்துவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம். லூபிட்ஷே இந்த ரகசியத்தை ஆரம்பத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். வைல்டு முதல் நாள் மேடையேற்றத்தில் இதைக் கடைசி அங்கம் வரை மறைத்துவைத்திருந்தார். நாடகத்தைத் தயாரித்து நடித்த ஜார்ஜ் அலெக்சாண்டரின் வற்புறுத்தலால், சில நாட்களிலேயே நாடகத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார். லூபிட்ஷ் இன்னும் முன்னே தள்ளினார்.

இதனால் என்ன லாபம்? எர்லினும் மகளும் ஒரே இடத்தில் நிற்கும் ஒவ்வொரு காட்சியும் நமக்கு இரண்டாகத் தெரிகிறது. மகள் பார்ப்பது கணவனைப் பறிக்க வந்த ஒருத்தியை. நாம் பார்ப்பது மகளைத் தள்ளி நின்று பார்க்கும் தாயை. சிரிப்பும் துக்கமும் இங்கே வேறு வேறு காட்சிகளுக்குப் பங்கு பிரித்துத் தரப்படவில்லை. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்ற ஒரே கிணற்றிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. படம் பார்க்கும்போது இந்தக் கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பார்வை எங்கே போகிறது?

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பயிற்சி காத்திருக்கிறது. விருந்துக்கு வருபவர்களில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று லேடி விண்டர்மியர் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் அவள் கணவரின் மேசையில் எர்லினின் கடிதம். மனைவியும் டார்லிங்டனும் உள்ளே வரும்போது, கணவரின் கை மெல்ல அந்தக் கடிதத்தை நோக்கி நகர்கிறது. மனைவி அதைப் பார்க்கவில்லை. டார்லிங்டன் பார்த்துவிடுகிறார். வார்த்தை எதுவும் இல்லை. மூவருக்கும் நடுவே இனி என்ன நடக்கும் என்பதற்கான வித்து அந்தக் கை அசைவில் விழுந்துவிட்டது.

பரதநாட்டியத்தில் ஒரு பதத்துக்கு அபிநயம் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. நாயகி எதையோ கவனிக்கிறாள், சந்தேகப்படுகிறாள், முடிவுக்கு வருகிறாள். அந்த மூன்றும் கண்ணிலேயே நடந்து முடிகின்றன. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் படித்த அதே கண்ணை இங்கேயும் கொண்டுவரலாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மேடையில் நம் பார்வையை நாமே நகர்த்துகிறோம். இங்கே ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது, இயக்குநர் நம்மை ஒரு பாத்திரத்தின் கண்ணுக்குப் பின்னால் உட்காரவைக்கிறார். ஆகவே ஒவ்வொரு குளோஸ்-அப்பிலும், இதை இப்போது பார்ப்பது யார் என்று கேட்டுப் பழகுவது நல்லது.

ரேஸ் மைதானத்தில் ஒரு பாடம்

படத்தின் மிகச் சிறந்த பகுதி குதிரைப் பந்தயக் காட்சி. அதில் குதிரைகளுக்கு வேலை அதிகம் இல்லை. எர்லின் தனியாக வந்து உட்கார்ந்ததும் பைனாகுலர்கள் ஒவ்வொன்றாக மைதானத்தை விட்டு அவள் பக்கம் திரும்புகின்றன. ஆண்கள் பார்க்கிறார்கள். பெண்கள் பார்க்கிறார்கள். வம்பு பேசும் சீமாட்டி ஒருத்தி, எர்லினின் தலையில் நரைமுடி தெரிகிறதா என்று பின்பக்கமாக நுணுகி ஆராய்கிறாள். நல்ல குடும்பங்கள் என்று பெயரெடுத்தவர்கள் எவ்வளவு ஆசையாக வம்பைத் தின்கிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. மயிலாப்பூர் கல்யாண மண்டபங்களில் முன்வரிசை நாற்காலிகளைக் கவனித்தவர்களுக்கு விளக்கமும் தேவையில்லை.

அதே கூட்டத்தில்தான் மகளும் இருக்கிறாள் என்பதை மறக்காமல் பார்த்தால், சிரிப்புக்கு அடியில் ஓடும் வலி தெரியும். ஊரே உற்றுப்பார்க்கும் அந்தப் பெண்ணோடு தனக்கு என்ன உறவு என்று அவளுக்குத் தெரியாது.

காட்சியின் முடிவில் எர்லின் கிளம்பிப் போகிறாள். அகஸ்டஸ் லார்ட்டன் என்ற பணக்காரப் பிரபு பின்தொடர்கிறார். கேமரா பக்கவாட்டில் கூடவே போகிறது. அவர் நெருங்க நெருங்க, திரையின் ஓரத்திலிருந்து இருட்டு நகர்ந்து வந்து படச்சட்டத்தைக் குறுக்குகிறது. அவர் அவளை எட்டும் நேரத்தில் காட்சி மூடிக்கொள்கிறது. ஒரு காதல் தொடங்குவதைச் சொல்ல அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

இதற்கு ஜோடியாக இன்னொரு நகைச்சுவை வருகிறது. ஓர் ஆண் ஒரு பெண்ணின் வீட்டு அழைப்பு மணியை எப்படி அடிக்கிறான் என்பதை வைத்தே அவர்கள் உறவைச் சொல்லிவிடலாம் என்று ஒரு டைட்டில் கார்டு சொல்லும். அடுத்து அகஸ்டஸின் கை, தயக்கத்தோடு. பிறகு வேறொரு நாள் அதே மணி, அதே கை. தயக்கம் மட்டும் காணோம். இடையில் நடந்ததையெல்லாம் நாமே நிரப்பிக்கொள்கிறோம். ஜோக்கின் பாதியைப் பார்ப்பவரிடமே ஒப்படைக்கும் இந்த நம்பிக்கைதான் லூபிட்ஷின் முத்திரை.

தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம்

மகளின் பிறந்தநாள் விருந்துக்கு எர்லின் வந்துவிடுகிறாள். தோட்டத்தில், கத்தரித்துவிட்ட உயரமான செடி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதை மகள் பார்க்கிறாள். எர்லினுடைய கை நீள்கிறது. ஓர் ஆண் அதை முத்தமிடுகிறான். செடி அவன் முகத்தை மறைக்கிறது. அது தன் கணவர்தான் என்று மகள் முடிவுகட்டிவிடுகிறாள். அங்கே இருப்பவர் அகஸ்டஸ் என்று நமக்குத் தெரியும்.

செடி நின்ற இடத்தையும், மகள் நின்ற இடத்தையும், நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கேலிக்கூத்து நாடகங்களில் வரும் ஆள்மாறாட்ட ஜோக்குக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இதன் விளைவாக ஒரு பெண் வீட்டை விட்டே கிளம்புகிறாள். கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு டார்லிங்டனின் வீட்டுக்குப் போகிறாள். அந்தக் கடிதத்தை எடுத்துப் படிப்பது அவள் அம்மா. தன் வாழ்க்கையைக் குலைத்த அதே காரியத்தை மகளும் செய்யப்போகிறாள் என்று தாய்க்குப் புரியும் கணத்தில் எர்லினாக நடிக்கும் ஐரீன் ரிச்சின் முகத்தை நிதானமாகப் பாருங்கள். அதுவரை ஊரைச் சமாளிக்க அணிந்திருந்த புன்னகை கழன்றுவிடுகிறது.

அடுத்து நடப்பது விசிறியின் கதை. தாய் போய் மகளைத் திரும்ப அழைக்கும்போதே ஆண்கள் வந்துவிடுகிறார்கள். பெண்கள் ஒளிந்துகொள்கிறார்கள். கணவர் பிறந்தநாள் பரிசாகத் தந்த விசிறி வெளியிலேயே கிடந்து அகப்பட்டுவிடுகிறது. மகளின் பெயர் கெடாமலிருக்க, விசிறியைத் தான்தான் தவறுதலாக எடுத்துவந்ததாகச் சொல்லிக்கொண்டு எர்லின் எல்லோர் எதிரிலும் வந்து நிற்கிறாள். கைகூடவிருந்த அகஸ்டஸின் உறவும் ஊர் மரியாதையும் அந்த ஒரு நிமிடத்தில் போகின்றன. அதற்குள் மகள் நழுவிப் போய்விடுகிறாள்.

மறுநாள் விசிறியைத் திருப்பிக் கொடுக்க வரும் தாய் உண்மையைச் சொல்வதில்லை. தமிழ் சினிமாவில் பிரிந்த தாயும் மகளும் கடைசி ரீலில் கட்டி அழுதே தீர வேண்டும். இங்கே மகள் நன்றி சொல்கிறாள், தாய் விடைபெறுகிறாள், அவ்வளவுதான். வாசலில் அகஸ்டஸ் நிற்கிறார். நேற்றிரவு அவர் நடந்துகொண்ட விதத்துக்காக அவரையே எர்லின் ஒரு போடு போட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறாள். அவரும் பின்னாலேயே ஏறிக்கொள்கிறார். கண் கலங்கிய அடுத்த நிமிடமே நம்மைச் சிரிக்கவைக்கிறார் லூபிட்ஷ். அந்தத் தாய் யாருடைய பரிதாபத்தையும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

பார்க்கும் முறை

ஐரீன் ரிச்சுக்கும் மகளாக வரும் மே மெக்அவாய்க்கும் நிஜத்தில் எட்டு வயதுதான் வித்தியாசம். தெரிந்துகொண்டு பார்த்தால், நடை, தோள், கழுத்துத் திருப்பம் என்று ரிச் எதையெல்லாம் வைத்து வயதைக் காட்டுகிறார் என்பது புலப்படும். பேசும் பட யுகத்தைத் தொடங்கிவைத்த 'தி ஜாஸ் சிங்கர்' (1927) படத்தின் நாயகியும் இதே மெக்அவாய்தான்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பிரதியாகத் தேடிப் பிடிப்பது நல்லது. மௌனப் படங்களுக்கு ஓட்ட வேகம் ஒரே மாதிரி நிர்ணயிக்கப்பட்டிருக்கவில்லை. அவற்றைப் பேசும் படத்தின் வேகமான நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் மனிதர்கள் ஓட்டமும் துள்ளலுமாகத் தெரிவார்கள். அது படத்தின் குற்றமல்ல. அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு பிரதி பார்க்க வேண்டியதுதான். பின்னணி இசை எல்லாமே பிற்காலத்தில் சேர்த்தது. ஒரு பிரதியில் ஒரு இசை, இன்னொன்றில் வேறு. இசை சிரிக்கச் சொல்கிற இடத்தில் சிரிக்காமல், ரேஸ் காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தால், எடிட்டிங்கின் தாளம் தனியாகத் தெரியும். கைபேசியில் வேண்டாம். லூபிட்ஷ் ஆளுயரக் கதவுகளும் எட்டாத கூரையும் கொண்ட பிரம்மாண்டமான அறைகளில் மனிதர்களைச் சின்னதாக நிறுத்துகிறார். சின்னத் திரையில் அது அடிபட்டுப்போகும்.

வசனமில்லாமல் இவ்வளவு நேரமா என்று வீட்டில் யாராவது தயங்கினால், முதலில் சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (1987) போட்டுக் காட்டலாம். சந்தடியிலேயே வாழ்ந்து பழகிய கமல்ஹாசனுக்கு ஆடம்பர ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராமல், தன் குடியிருப்புப் பக்கத்து இரைச்சலை டேப்பில் பதிந்துவந்து கேட்டபடி தூங்குவாரே, அந்த ஜோக்கை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் படத்துக்குச் சிரித்தவர்கள் இந்தப் படத்துக்கும் தயார்.

அடுத்த வாரம், அதே 1925-இல் ஹென்றி கிங் இயக்கிய 'ஸ்டெல்லா டல்லாஸ்'. மகள் நல்ல இடத்தில் வாழ வேண்டும் என்று தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் இன்னொரு தாய், பெல் பெனட்டின் நடிப்பில். மகளின் பிறந்தநாளுக்கு மேசையெல்லாம் அலங்கரித்துவிட்டு, யாருமே வராத விருந்துக்குத் தாயும் மகளும் காத்திருக்கும் காட்சி அதில் உண்டு. லூபிட்ஷ் படத்தில் டார்லிங்டனாக மனம் கலைக்க வந்த ரொனால்ட் கோல்மன்தான் இதில் பிரிந்துபோகும் கணவர். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். 'ஸ்டெல்லா' நேராக அழவைக்கும் படம். எர்லினிடம் முதலில் பழகி, பார்வைகளைப் பின்தொடரக் கற்றுக்கொண்டு போனால், அந்த விருந்து மேசையில் தாய் எந்த நொடியில் மகளுக்காகச் சிரித்தபடியே உள்ளுக்குள் முடிவெடுக்கத் தொடங்குகிறாள் என்பதைக் கண்ணீர் மறைக்காமல் பார்க்கலாம்.