குணம் வளர வரம்பு எதற்கு?

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பாத்திர விளையாட்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. வலிமை இவ்வளவு, வாள்வீச்சு இவ்வளவு என்று அதில் எண்கள் இருக்கும். ஆட்டம் தொடரத் தொடர அந்த எண்கள் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் விதி எழுதியவரின் கைவண்ணம் தெரிந்துவிடுகிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், குள்ளர் இனத்துப் போர்வீரர் ஆறாம் படிநிலையைத் தாண்ட முடியாது. ஹாபிட் என்ற குட்டை இனத்தவர் நான்கோடு நின்றுவிடுவார். மனிதருக்கு அப்படி வரம்பே இல்லை. மனிதரை மையமாகக் கொண்ட உலகம் வேண்டும் என்பது கைகாக்ஸின் வாதம். இருட்டிலும் பார்க்கும் கண் போன்ற பிறவிச் சலுகைகளுக்கு இது ஈடு என்றும் பலர் நியாயம் சொன்னார்கள். காகிதத்தில் கணக்கு சரிதான், மேசையில் அது தேறவில்லை. சில மாதங்களில் முடிந்துவிடும் ஆட்டத்தில் குள்ளர் சலுகையை அனுபவித்துவிட்டு விலை கொடுக்காமலே போய்விடுவார். ஆண்டுக்கணக்கில் நீளும் ஆட்டத்திலோ மனிதத் தோழர்கள் வளர்ந்துகொண்டே போக, இவர் முட்டுச்சுவரில் நிற்பார். அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று அந்த விதி பார்ப்பதே இல்லை. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு இன்னும் ஒரு படி கீழே போனது: பெண் பாத்திரத்தின் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது. இன வரம்பு ஒழிய 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு வர வேண்டியிருந்தது.

அதற்காக வரம்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, படிநிலை ஏறும்போது கிடைக்கும் வழக்கமான உயர்வுகளால் எந்தத் திறனும் 20ஐத் தாண்டாது என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. அதனால் உச்சப் படிநிலை வீரரின் வாள்கூட கோப்ளின் என்ற சாதாரணக் குட்டிப் பூதத்தின் மீது சில நேரம் தவறும். சின்ன எதிரிக்கும் கதையில் மதிப்பு மிஞ்சுகிறது.

ஆனால் வலிமைக்கு வரம்பு கட்டுவது எளிது. குணத்துக்கு எப்படிக் கட்டுவது? கிரெக் ஸ்டாஃபர்ட் 1985இல் வெளியிட்ட பென்ட்ராகன் இதற்குச் சொன்ன பதில் இன்றும் புதுமையாக இருக்கிறது. ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றிய விளையாட்டு அது. வீரம்–கோழைத்தனம், இரக்கம்–கொடுமை, ஈகை–சுயநலம் என 13 இணைகள். ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகை 20. இரக்கம் ஒரு புள்ளி ஏறினால் கொடுமை ஒரு புள்ளி இறங்கும். கதையில் குணம் வெளிப்படும்படி நடந்தால் அதன் அருகே ஒரு குறி. கதையில் குளிர்காலம் வரும்போது அந்தக் குறிக்காக 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். இப்போதுள்ள எண்ணைவிட அதிகம் விழுந்தால்தான் ஒரு புள்ளி கூடும். இரக்கம் 10 உள்ளவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 16 உள்ளவருக்கு ஐந்தில் ஒன்று. 19 உள்ளவருக்கு இருபதில் ஒன்றுதான். சுவர் எதுவும் எழுப்பாமலே ஏற்றம் செங்குத்தாகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குணம் 16ஐத் தொட்டுவிட்டால் ஊரறிந்த குணம் ஆகிவிடும். சோதனை வரும்போது பகடையைக் கேட்டே ஆக வேண்டும். உதாரணமாக, பாத்திரத்தின் தம்பியைக் கொன்றவன் வாளைக் கீழே போட்டுச் சரணடைகிறான். ஆட்டக்காரர் பழிவாங்கத் துடிக்கிறார். பாத்திரத்தின் இரக்கம் 16. பகடையில் 16 வரை எது விழுந்தாலும் அவனை விட்டுவிட வேண்டியதுதான். சேர்த்துவைத்த நல்ல பெயருக்கு இங்கே விலை கொடுக்கிறார். குள்ளரின் படிநிலைத் தடையில் இல்லாத நியாயம் இதில் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கட்டு அவரே செய்த செயல்களால் வந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. தன் பாத்திரத்தின் முடிவு தன் கையை விட்டுப் போவதைச் சிலர் தாங்கமாட்டார்கள். அந்தக் கசப்பு நியாயமானதே. சுறுசுறுப்பு, ஈகை, நீதி, இரக்கம், அடக்கம், வீரம் ஆகிய ஆறும் சேர்ந்து உயர்ந்தால் கவசத்துக்கு நிகரான பாதுகாப்பு கிடைப்பதால், எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த உத்தமர்களாகும் ஆபத்து உண்டு. இது பெரிய பலவீனம். அதைவிடத் தொல்லையானது குறிவேட்டை. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டிலேயே இது தலைகாட்டியது: ஓர் ஆயுதத்தால் வென்றதும் அதற்குக் குறி விழுந்துவிடும், உடனே அடுத்ததை உருவுவார்கள். பென்ட்ராகனிலும் பிச்சைக்காரருக்குக் காசு போட்டுவிட்டு ஈகைக்குக் குறி கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

இதற்கான மருந்து விதிக்குள்ளேயே இருக்கிறது. குணத்துக்குக் குறி தருவதா வேண்டாமா என்பது ஆட்டத்தை நடத்துபவரின் முடிவு. இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கையை இறுக்கிப் பிடியுங்கள். பாத்திரம் எதையாவது இழந்து காட்டிய குணத்துக்கு மட்டும் குறி போடுங்கள்.