பதக்கமும் சாட்சியும்: ‘பாட்டில் ஷாக்’ படத்தை ஒரு புள்ளிவிவரக் கட்டுரையோடு வைத்துப் பார்த்தால்

2008-ல் கலிபோர்னியாவின் சின்ன ஒயினரிகளைப் பற்றி இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, ‘பாட்டில் ஷாக்’ என்ற படம். ராண்டால் மில்லர் இயக்கியது, ஆலன் ரிக்மேன் நடித்தது. இன்னொன்று, ‘ஜர்னல் ஆஃப் ஒயின் எகனாமிக்ஸ்’ இதழில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. படத்தைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். கட்டுரையைப் படித்தவர்கள் கொஞ்சம்தான் இருப்பீர்கள். படம் எங்கே சறுக்குகிறது என்று புரிய அந்தக் கட்டுரை வேண்டும் என்பது என் கட்சி. கட்டுரை பாதியில் விட்டுவிடும் ஒரு கேள்விக்கோ, படம் மறைத்துவிட்ட நிஜக் கதையில்தான் பதில் இருக்கிறது.

கேள்வி எளிமையானதுதான். ஊர் பேர் தெரியாத ஒரு சின்ன ஒயினரிக்கு வெளியுலகில் எப்படிப் பெயர் கிடைக்கிறது? ஒயினைத் தொடாதவர்களும் மேலே படிக்கலாம். சொந்தக் காசில் புத்தகம் போட்டவர், ஆப் ஸ்டோரில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டு ரிவ்யூவுக்குக் காத்திருப்பவர் எல்லாருக்கும் இதே கேள்விதான்.

முதலில் படம். நாபா பள்ளத்தாக்கில் ஷாட்டோ மாண்டெலீனா என்ற ஒயினரி, கடனில் தத்தளிக்கும் அப்பா, பொறுப்பில்லாத மகன். பாரிஸில் ஒயின் கடை வைத்திருக்கும் ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு போட்டிக்காகக் கலிபோர்னியா வருகிறார். நடுவில் ஒயின் பழுப்பாகி எல்லாம் போச்சு என்று ஆகி, அப்புறம் அதிசயமாகத் தெளிகிறது. பாரிஸில் ஜெயிக்கிறது. சுபம். ரிக்மேன் வரும் காட்சிகளுக்காகவே ஒருமுறை பார்க்கலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படம் நமக்குக் கொடுத்தனுப்பும் பாடம், ‘பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை’ என்பதுதான். சரக்கு நல்லதாக இருந்தால் உலகம் தானே தேடி வருமாம்.

நிஜத்தில் என்ன நடந்தது? 1976 மே 24, பாரிஸ். லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுக்க, ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ஒயினில் மாண்டெலீனாவின் 1973 ஷார்டனே முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 காபர்னே முதலிடம். படம் வெள்ளையோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த ஷார்டனேயைத் தயாரித்த, குரோவேஷியாவிலிருந்து வந்த மைக் கிரிகிச்சுக்கும் கதையில் இடமில்லை.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. இந்தப் போட்டி யோசனைக்குப் பின்னால் இருந்தவர் ஸ்பரியரோடு வேலை பார்த்த பட்ரீஷியா காலகர். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டு வருகிறதே, அதையொட்டி அமெரிக்க ஒயின்களைப் பாரிஸில் காட்டலாம் என்று கணக்குப் போட்டு, 1975-லேயே கலிபோர்னியா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். பாட்டில்களைப் பாரிஸுக்குச் சுமந்து போனது அப்போது பிரான்ஸ் கிளம்பிய ஒரு ஒயின் சுற்றுலாக் குழு. பத்திரிகையாளர்கள் பலருக்கு அழைப்பு போனது. வந்தவர் ஒரே ஒருவர், ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர். அவரும் ஸ்பரியரின் ஒயின் பள்ளியில் படித்தவர் என்பதால் வந்தார்.

நடுவர்களின் கையில் இல்லாத ஒயின் பட்டியல் டேபரின் கையில் இருந்தது. அதனால்தான் ஒரு நடுவர் நாபா ஒயினை உறிஞ்சிவிட்டு ‘ஆஹா, பிரான்ஸுக்குத் திரும்பி வந்தாச்சு’ என்கிற மாதிரி பெருமூச்சு விட்டபோது, அந்த அறையில் அதன் நகைச்சுவை அவருக்குப் புரிந்தது. ‘டைம்’ இதழில் வந்தது நாலு பத்திச் செய்திதான். இன்று அந்த இரண்டு ஒயின்களின் பாட்டில்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது மதிப்பெண்ணைப் பாருங்க. சிவப்பில் ஒன்பது நடுவர்களும் சேர்ந்து கொடுத்த மொத்தம் ஸ்டாக்ஸ் லீப்புக்கு 127.5, அடுத்து வந்த மூட்டோன் ரோத்ஷீல்டுக்கு 126. அதிகபட்சம் 180. அதாவது, வரலாறு மாறியது 1.5 மதிப்பெண்ணில். ஒரு நடுவருக்குக் காலையில் ஜலதோஷம் இருந்திருந்தால்? இந்த இடத்தில்தான் ஹாட்ஜ்சன் உள்ளே வருகிறார்.

ஹாட்ஜ்சன் ஓய்வுபெற்ற பேராசிரியர். வடக்குக் கலிபோர்னியாவில் ஃபீல்டுபுரூக் என்ற சின்ன ஒயினரியின் சொந்தக்காரர். அவருடைய ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கும். அதே ஒயின் அடுத்த போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்பும். நம்மில் பலர் புலம்பிவிட்டு விட்டிருப்போம். அவர் கலிபோர்னியா ஸ்டேட் ஃபேர் ஒயின் போட்டிக்காரர்களிடம் போய் ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினார். அனுமதித்ததற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

சோதனை இதுதான். நாலு நடுவர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 30 கிளாஸ் வரும். அதில் சில ஒயின்கள் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றப்பட்டிருக்கும். நடுவர்களுக்கு அது தெரியாது. 2005 முதல் 2008 வரை, வருஷத்துக்கு 65-லிருந்து 70 நடுவர்கள். மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் 10 சதவீதம். இன்னொரு 10 சதவீதம் பேர் ஒரே ஒயினுக்கு ஒரு தடவை வெண்கலமும் இன்னொரு தடவை தங்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை, இந்தத் தடவை 13 அமெரிக்கப் போட்டிகளின் முடிவுகளை வைத்து. மூன்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்டவை 2,440 ஒயின்கள். அதில் 47 சதவீதம் எங்கேயாவது ஒரு தங்கம் வாங்கியிருக்கின்றன. அந்தத் தங்கங்களில் 84 சதவீதம் வேறொரு போட்டியில் வெறுங்கையோடு திரும்பியவை. ஓரிடத்தில் தங்கம் வாங்கியது, இன்னோரிடத்தில் தங்கம் வாங்கும் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது ஃபிளேக்கி டெஸ்ட். கோடு மாறவில்லை, இன்புட் மாறவில்லை, ஆனால் ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில். அப்படிப்பட்ட டெஸ்ட்டை வைத்துக்கொண்டு ரிலீஸ் தேதி நெருங்கும்போது என்ன செய்வார்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பச்சை வருகிறவரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பல போட்டிகளுக்கு ஒரே ஒயினை அனுப்புவதும் அதேதான். ஒரு போட்டியில் தங்கம் கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து போட்டிகளுக்கு அனுப்பினால் ஒரு தங்கமாவது கிடைக்க 41 சதவீதம் வாய்ப்பு. பதின்மூன்றுக்கும் அனுப்பினால் கிட்டத்தட்ட 75. ஒவ்வொரு நுழைவுக்கும் கட்டணம் உண்டு, பாட்டில்களும் அனுப்பணும். அதாவது காசு இருப்பவருக்குப் பதக்கம் வரும். நூறு பெட்டி மட்டும் தயாரிக்கிற சின்ன ஆளுக்கு இதுதான் உண்மையான அநியாயம்.

‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்கிற கதைதானே இது என்று சிலர் கேட்கலாம். திராட்சை விஷயம் என்பதால் பொருத்தமாகவும் இருக்கும்! ஆனால் ஹாட்ஜ்சன் பழம் கிடைக்காத நரி இல்லை. அவரே தங்கம் வாங்கியவர்தான். நியாயமான எதிர்வாதம் வேறு: 30 கிளாஸ் ருசி பார்த்தால் எந்த நாக்கும் மரத்துப்போகும், அதற்கு நடுவர்களைக் குற்றம் சொல்லலாமா? குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் பதக்கம் கொடுக்கப்படுவது அந்த மரத்த நாக்கை வைத்துத்தானே? கட்டுரையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிடித்ததைவிடப் பிடிக்காததைச் சொல்வதில் நடுவர்கள் நிதானமாக இருக்கிறார்கள். ஆகவே எல்லாப் போட்டிகளிலும் ஒரு ஒயின் மண்ணைக் கவ்வினால், தயாரிப்பில் ஏதோ கோளாறு என்று நம்பலாம். போட்டியைப் பக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம், புகழுக்கு அதை நம்பக்கூடாது.

கட்டுரை இங்கே நின்றுவிடுகிறது. எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்றால் சின்ன ஒயினரி என்னதான் செய்வது? பதில் 1976-ல் இருக்கிறது. அன்று நாபாவை உயர்த்தியது 1.5 மதிப்பெண் வித்தியாசம் மட்டுமல்ல. அதைப் பார்த்து எழுத ஒருவர் அறையில் இருந்தார். அவர் எழுதுவதற்கு ஒரு கதையும் தயாராக இருந்தது. பெயர் தெரியாத நடுவர் குழுவின் தங்க ஸ்டிக்கரை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு ஆள் தன் பெயரைப் போட்டு எழுதினால், அவருடைய ருசி நமக்குப் போகப் போகப் பிடிபடும்.

1978-ல் தன் சொந்த இதழைத் தொடங்கிய ராபர்ட் பார்க்கர் அந்தப் பாதையில்தான் பெரிய ஆளானார். அவருடைய 100 மதிப்பெண் முறையை நான் ரசிப்பதில்லை. அவர் நாக்குக்கு ஏற்றபடி ஒயின் தயாரிக்க ஆரம்பித்தார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனாலும் ழான்-லுக் துனெவான் என்ற முன்னாள் வங்கி ஊழியர் செயிண்ட்-எமிலியோனில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு 1991-ல் ஆரம்பித்த ஷாட்டோ வாலாண்ட்ரோவை உலகம் கவனிக்க, பார்க்கர் பெயர் போட்டு எழுதியதும் ஒரு காரணம். பல பதக்கங்கள் சேர்ந்தாலும் அதைச் செய்திருக்காது.

ஆக, என் தீர்ப்பு இது. சின்ன ஒயினரிக்காரர் போட்டிக் கட்டணத்தில் பாதியை மிச்சம் பிடித்து, தன் வகை ஒயினை விரும்பி எழுதும் நாலு பேரைத் தேடி, பாட்டிலோடு உண்மையான கதையையும் அனுப்பலாம். மீதியைத் தோட்டத்துக்கு நேரில் வருபவர்களுக்காகச் செலவு செய்யலாம். நல்ல மாடு உள்ளூரிலேயே விலைபோகும் என்பார்கள். ஆனால் அது நல்ல மாடு என்று நாலு பேர் பார்த்துச் சொல்லணும். ‘பாட்டில் ஷாக்’ மாட்டை மட்டும் காட்டிவிட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போனவர்களை மறந்துவிட்டது. காலகர் இல்லாமல், டேபர் இல்லாமல், பெட்டி சுமந்த சுற்றுலாக் கூட்டம் இல்லாமல் அந்த ஷார்டனே நாபாவிலேயே குடித்துத் தீர்ந்திருக்கும். ருசியில் ஒரு குறையும் இருந்திருக்காது.

வாங்குகிற நமக்கும் ஒரு வார்த்தை. பாட்டிலில் தங்கப் பதக்க ஸ்டிக்கரைப் பார்த்தால், எத்தனை போட்டிகளுக்கு அனுப்பி இது கிடைத்தது என்று கேட்டுப் பாருங்க. அந்த எண்ணை எந்த லேபிளும் அச்சடிப்பதில்லை.